பள்ளிக்கூட வாசலில் கொள்ளு

18.1.1972, செவ்வாய்

தொப்பூர் இறக்கத்தில் வரும் லாரிகள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வேகத்தைக் குறைப்பதே இல்லை. ரோட்டில் மேடு போடச் சொல்லி மூன்று மனு கொடுத்துவிட்டேன். "மேலிடத்து உத்தரவு வேணுங்க" என்கிறார் ஓவர்சியர். ஒரு பிள்ளை செத்தால்தான் உத்தரவு வரும்போல.

இன்று காலை பக்கத்துக் காட்டு மாதம்மாள், வண்டிச் சக்கரம் மிதித்து மணி உதிரட்டும் என்று ரோட்டு வளைவில் கொள்ளுச் செடியைப் பரப்பிக்கொண்டிருந்தார். பள்ளி முன்னால் பரப்பச் சொன்னேன்.

"கொள்ளுக்கும் பாடம் எடுக்கப் போறீங்களா வாத்தியாரே?" என்று சிரித்தார். ஆனால் பரப்பினார்.

மாலையில் மணி அடித்தபோது லாரிகள் சறுக்கலுக்குப் பயந்து ஊர்ந்தன. ஒரு டிரைவர் என்னைத் திட்டினான். பிள்ளைகள் பேசிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்கள். நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொள்ளு நாலு நாளில் முடிந்துவிடும். அடுத்து யார் காட்டில் அறுப்பு என்று மாதம்மாளைக் கேட்க வேண்டும்.