மைதானத்துக்குப் பாடு போட்ட கதை

பழவேற்காடு,
18-9-1983

அன்பு மகன் பெருமாளுக்கு அம்மா காசியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நைனாவும் உன் தம்பி வரதனும் உயிருக்கும் பசிக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பட்டாளத்தில் நீயும் அப்படியே இருக்கக் கன்னியம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது, பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே, ரெண்டாம் வகுப்போடு நின்றவள் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் தண்ணீரில் நின்று ஒரு பறிக்கூடை இறால் கையால் தடவிப் பிடித்துவிடலாம். நைனா கையில் கெளுத்தி முள் குத்தி தேங்காய் மாதிரி வீங்கிப்போய், மூன்று நாள் தண்ணீரில் இறங்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார், இப்போது வீக்கமும் வற்றிவிட்டது, கலெக்டர் உத்தியோகமும் போய்விட்டது. நம் வெள்ளை ஆடு ரெண்டு குட்டி போட்டது, ஒன்று உன்னை மாதிரியே காலெல்லாம் நீளம். இதெல்லாம் எழுதுவது நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் தள்ளிப்போடத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஜபல்பூரிலிருந்து அனுப்பின நெட் நன்றாக இருக்கிறதா, தம்பி தினமும் வாலிபால் ஆடுகிறானா, தை மாதம் போலீசுக்கு ஆள் எடுக்கும்போது ஆட்டக்காரனுக்கு ஒரு மதிப்பு உண்டு, கைப் பழக்கத்தை விட்டுவிடப்போகிறான் என்று எழுதியிருந்தாய். நெட் நன்றாக இருக்கிறது. தம்பி ஆடவில்லை. அதற்குக் காரணம் உன் அம்மாவின் வாய்தான், பிறர் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஏரிக்கரையில் பஞ்சாயத்துப் பூங்கா என்று ரெண்டு சிமெண்டு பெஞ்சு போட்டார்களே, அதற்குப் பின்னால் நீயும் நம் காலனிப் பிள்ளைகளும் வேலிகாத்தான் முள்ளை வெட்டி, பல்லாங்குழியாக இருந்த மண்ணைச் சமமாக்கி, சவுக்குக் கம்பம் நட்டீர்கள். நீ இருந்த வரை குப்பத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள், உன் கை இல்லாவிட்டால் அவர்கள் கட்சி ஜெயிக்காது, அந்தக் கைக்காக நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நீ ரயில் ஏறின பிறகு பஜார்க்காரர்கள் பார்த்தார்கள், இவ்வளவு நல்ல தரை சும்மா கிடக்கிறதே என்று மஞ்சள் கம்பளிப் பந்தும் மட்டையுமாக பூப்பந்து ஆட வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கோடு பெரியது, குப்பத்து வாலிபாலுக்குக் கோடு சின்னது, ஒன்றுக்குள் ஒன்று சுண்ணாம்பு போட்டுப்போட்டு மைதானம் மார்கழி மாதத்து வாசல் மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வந்தால் உன் நெட்டைக் கீழே இறக்குவது, இவர்கள் வந்தால் மேலே ஏற்றுவது, ஒரு நாளைக்கு நாலு தடவை. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் ஆட்டம் நடக்கும்போதே குப்பத்துப் பையன் ஒருவன் நெட்டை ஏற்றப் போய், மட்டையால் ஒருவர் அவனை அடிக்க, தள்ளுமுள்ளில் பஜார் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து, பந்து ஏரியில் போய், பெரிய ரகளை.

மறுநாள் குப்பத்துக்குத் தலைவராக நாட்டார் தருமலிங்கமும் பஜாருக்காக இனாயத்துல்லா பாயும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். நான் பாய் வீட்டுக்கு இறால் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் வந்தேன். வந்தவள் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருக்கும் நேரம் தவிர இந்த வாய் எப்போது மூடியிருக்கிறது. ஏரிக்கே பாடு போட்டுப் பங்கு பிரிக்கிறீங்க, இந்தத் துக்கிணி மண்ணுக்கு ஒரு பாடு போட்டா இன்னா என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாய், காசியம்மா சொல்றது நியாயந்தான் என்றார், தருமலிங்கமும் தலையாட்டினார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பது போலவே வாரத்துக்கு ஏழு சீட்டு எழுதி, டீக்கடை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, பஜாருக்கு மூன்று நாள், குப்பத்துக்கு நாலு நாள் என்று விழுந்தது. பாய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். உன் அம்மாவின் யோசனையில் ஊர் ரகளை அடங்கிவிட்டது என்று அன்றைக்கு நான் நைனாவிடம் அடித்த தம்பட்டத்தை நினைத்தால் இப்போது எனக்கே சகிக்கவில்லை.

அடுத்த வாரம் குப்பத்து நாளில் வரதனும் நம் பிள்ளைகள் நாலைந்து பேரும் எப்போதும் போலப் போயிருக்கிறார்கள். இது எங்க பாடு, உங்களுக்கு இன்னா வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஜார் நாளிலும் இடம் இல்லை. நான் தருமலிங்கம் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் அதட்டவில்லை கண்ணு, உட்காரச் சொல்லி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

“பாடுன்னா வலை வச்சிருக்கறவனுக்குத்தான். கையால தடவுறவங்களுக்கு ஏரியில ஏது சீட்டு? அதே வழக்கந்தான் இங்கயும். நீதானே காசி சொன்ன.”

நான்தான் சொன்னேன். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்று நின்று நமக்குச் சீட்டு இல்லை என்பதே பழகிப்போய், சீட்டு என்று சொல்லும்போது அது நினைவுக்கே வரவில்லை பார். பாயிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, எங்க மூணு நாள்ல அரை மணி விடச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார், கேட்டும் பார்த்தார், அவர் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, என் கையில இன்னா இருக்கு காசியம்மா என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், நல்ல மனுஷர்கள் கையில்தான் எப்போதும் ஒன்றும் இருப்பதில்லை. வாரத்தில் எட்டாவதாக ஒரு நாள் இருந்தால் நமக்குக் கிடைக்கும்.

வரதன் ரெண்டு வாரம் நம் குடிசைக்குப் பின்னால் உப்புச் சேற்றில் ஆடிப் பார்த்தான். பந்து தரையில் விழக்கூடாத ஆட்டம்தானே, தரை எப்படி இருந்தால் என்ன என்று நான் கிண்டல் செய்தேன், அவன் சிரிக்கவில்லை, குதித்தால் முழங்கால் வரை புதைகிறது. இப்போது மீஞ்சூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போகிறான். போன அன்றைக்கு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“இனிமே நீ யாருக்கும் யோசனை சொல்லாதம்மா.”

அதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. போன புதன்கிழமை உச்சி வெயிலில், கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கும் நேரம், பூங்காவுக்குப் போய் உன் நெட்டை அவிழ்த்தேன். மழையில் நனைந்து இறுகின முடிச்சு, கைக்கு வரவில்லை, பல்லால் அவிழ்த்தேன், முப்பது வருஷம் பறி கவ்வின பல் அதற்காவது உதவியது. கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு பஜார் நடுவிலேயே நடந்து வந்தேன், ஒளிக்கவில்லை. சாயங்காலம் தருமலிங்கம் ரெண்டு பேரோடு வந்து, அது ஊர் நெட்டாச்சே என்றார். சீட்டு உங்களுது, நெட்டு என் புள்ளையுது, உங்க பாட்டை நான் தொடல என்று சொன்னேன். இப்போது ரெண்டு கட்சியும் கயிறு கட்டி ஆடுகிறார்கள், பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று தினம் சண்டை, சத்தம் நம் வீடு வரை கேட்கிறது. கேட்க சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நெட் பரண் மேல் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு வலை இருப்பது இதுதான் முதல் தடவை என்று நைனா சொல்கிறார், அதுவும் மீன் பிடிக்காத வலை.

நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள், மேலதிகாரியிடம் என் மாதிரி வாய் கொடுக்காதே. தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்னைத் திட்டி எழுது, அவன் மனசு கொஞ்சம் ஆறும். கன்னியம்மா உன் கையையும் காலையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நைனாவின் ஆசீர்வாதமும் உண்டு.

ஒன்று மறக்காதே. தருமலிங்கம் உன் விலாசத்தை வாங்கிப் போயிருக்கிறார், நான் கொடுக்கவில்லை, நைனா கொடுத்துவிட்டார். அன்புள்ள தம்பி பெருமாளுக்கு என்று நெட் கேட்டு எழுதுவார். அவர் கையெழுத்தில் தம்பி என்பதைப் பார்த்ததும் நீ உருகிப்போய் மறுநாளே புது நெட் வாங்கிப் பார்சல் கட்டுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. அனுப்பாதே. காலனிப் பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை என்று அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அனுப்பு. அந்த வரி இருக்கிறதா என்று ரெண்டு தரம் படித்துப் பார்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அம்மா,
சு. காசியம்மாள்