நாற்பத்தொரு தரம் கேட்ட கேள்வி

குருநகர்,
12.08.

அன்பு மகள் லவீனாவுக்கு,

மாதாவின் காவலில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். பேர்கன் நகரத்து மழைக்குள் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். அப்பா தொழிலுக்குப் போய் வருகிறார். முழங்கால் நோ குறைவு.

புதினம் ஒன்று. ஐம்பது வயதில் நான் படிக்கப் போனேன். எங்கடை கடற்றொழிலாளர் சங்கத்தில் விடியப்புறம் ஐந்து மணிக்குக் கணினிகள் எல்லாம் இறுகி நின்றுவிடும். கரைக்கு வந்த வள்ளத்தைப் பதிந்தால்தான் நிறுவைத் துண்டு வரும். அதுவரை மீன் கூடைக்குள் பதம் கெடும். பதிகிற பிள்ளை நிரோஜினிக்குத்தான், அப்பாவை மாமா என்று கூப்பிடுவாளே, அவளுக்குத்தான் ஏச்சு. கை மந்தமாம். மாத முடிவில் அவளை வேலையால் நிறுத்தப்போவதாகக் கதை. அதற்கிடையில் உரும்பிராயிலிருந்து கஜானன் என்ற தம்பி வந்து மூன்று நாள் பயிற்சி தந்தான். பதிவெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளத்திடம் எந்தக் கணினி என்ன கேட்கிறது, பதில் சொல்ல அது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் மென்பொருளில்தான் பயிற்சி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. எனக்குச் சரியான விருப்பம். கண்ணை மூடினாலும் கோடு. தரவுத்தளம் களைக்குமா என்று கேட்டேன். ஓம் அன்ரி, களைக்கும், ஆனால் வாய் திறந்து சொல்லாது என்றான்.

பயிற்சியின் கடைசி நாள், அதற்கு முந்தின நாள் விடியப்புறத்துப் பதிவைத் திறந்தான். ஐந்து மணியில் ஒரு கோடு எழும்பி உச்சியில் நின்றது. ஒரே கேள்வி. நாற்பத்தொரு தரம். ஒவ்வொரு தரமும் பதினொரு வருடப் பதிவு முழுவதையும் இழுத்துக்கொண்டு. எந்தக் கணினி என்று தட்டினான். மூன்று. நானும் நிரோஜினியும் மாறி மாறி இருந்து வேலை செய்யும் கணினி. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அந்த விடியப்புறம் அதில் இருந்தது நான். தை மாதம் வாடைக் காற்றில் அப்பா விடிந்தும் கடலால் வராமல் கிடந்தாரே, அன்றிலிருந்து வந்த பழக்கம். வந்த வள்ளங்களின் பட்டியலைத் திறப்பேன். அவர் பெயர் இராது. திரும்பவும் திறப்பேன். அன்றைய திகதியைக் கொடுத்துத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களின் வேலை முழுக்க என்ரை கேள்விக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது. கேட்பவருக்குப் பயமா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியுமா? தெரியாது. எத்தனை தரம் என்பது மட்டும்.

எழும்பி, நான்தான் என்றேன். செயலாளர் சிமியோன் அண்ணை சிரித்தார். உன்ரை மனிசன் கனிசியஸ் நடுக்கடலுக்குப் போனாலும் உன்னட்டைத் தப்பேலாது போலை என்றார். நிரோஜினி சிரிக்கவில்லை. ஆறு மாதம் ஏச்சு வாங்கினவள். எழும்பி வெளியே போய்விட்டாள்.

ஞாயிறு பூசை முடிய, பிழை என்னிலைதான் என்று நிர்வாகசபைக்கு எழுதியும் கொடுத்தேன். அவளை நிறுத்தவில்லை. இப்போது திகதியைக் கொடுத்துத் தேடுவதால் பட்டியல் உடனே திறக்கிறது, ஒரு நாளுக்கு ஒரு தரம் போதும் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். நிரோஜினி என்னோடு கதைப்பதில்லை. நேற்று விடிய ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஐந்து இருபதுக்கு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, மாமா வந்திட்டார் என்றாள்.

விற்றமின் குளிசையை மறக்காமல் போடு. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அன்புடன்,
அம்மா