கேரவன் கட்டிலுக்கு இன்ஷூரன்ஸ்

ஐப்பசி 3, திங்கள். விடாத மழை.

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். வண்டி வலியசாலைத் தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கே சொன்னேன், இதில் ஏதோ இருக்கிறது என்று. இன்றும் காலையில் பின்கதவு திறந்து கிடக்கிறது. பூட்டியது நான். சாவி என் தலைமாட்டில்.

வண்டி மருமான் கணேசனுடையது. பழைய கேரவன், புரோக்கர் வழி வாங்கினான். உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ். அவன் அம்மா, என் தங்கை பார்வதி, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. படுத்தபடியே ராமேஸ்வரம் போய், காலமான புருஷனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவேண்டும். அதற்காகத்தான் வண்டி.

பாலிசி இந்த வாரம் முடிகிறது. ஏஜென்ட் ஷீபா வந்தாள். தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் கவரா என்றாள். இன்ஷூரன்ஸில் நான் கரைகண்டவன். மேனேஜர்களே சந்தேகம் கேட்டு வந்திருக்கிறார்கள். ஃபுல் என்றேன்.

"அப்படின்னா கட்டில், அடுப்பெல்லாம் தனியாச் சேர்க்கணும் மாமா. இல்லைன்னா வண்டிக்குக் காசு கிட்டும், கட்டிலுக்குக் கிட்டாது."

தெரிந்ததுதான். சொல்ல விட்டுப்போயிருந்தது.

"பேய்க்குக் கவர் உண்டோ?"

"இடி, வெள்ளம்னு தெய்வம் செய்யறதுக்கு உண்டு. அதுக்குக் கீழே உள்ளவங்களுக்கு இல்லை மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கதவு விஷயத்தைச் சொன்னேன். முதல் சொந்தக்காரர் கரமனைக்காரர், நம்மவர், விழிஞ்ஞத்தில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்திப் படுத்தவர், அந்தக் கட்டிலிலேயே போய்விட்டார் என்றேன். சிரிப்பு நின்றது.

ஐப்பசி 4, செவ்வாய். மழை. பால் திரிந்தது.

பார்வதி வண்டியில் ஏறமாட்டாளாம்.

"செத்தவா படுத்த கட்டிலை ஆத்துல வெச்சுக்கறதே இல்லை. அதுல படுத்துண்டு போய் அவருக்குப் பண்றதா? வேண்டாம் அண்ணா. நான் போகாமலே இருந்துடறேன்."

அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டிலைக் கழற்றலாமென்றால் தரையோடு வெல்டு வைத்தது.

கணேசன்: "ஆரும் ஏறாத வண்டிக்கு எதுக்கு மாமா ஃபுல் கவர்? தேர்ட் பார்ட்டி போட்டு வித்துடறேன்."

மத்தியானம் தனியாக வண்டிக்குள் போனேன். பயம் என்ற சரக்கே என்னிடம் கிடையாது. தலையணை நடுவில் பள்ளம். கை வைத்தேன். சூடு. இந்த மழையில்.

வாங்க: கற்பூரம், பிரேக் ஆயில், எலுமிச்சை.

ஐப்பசி 6, வியாழன். கொஞ்சம் வெயில்.

கிழக்கேகோட்டை போய்க் கற்பூரம் வாங்கித் திரும்பினேன். வாசலில் கணேசன்.

"வண்டிக்குள்ளேர்ந்து எப்போ இறங்கினேள் மாமா?"

"நான் இப்பத்தானே பஸ்ஸை விட்டு இறங்கறேன்."

"பின்னே உள்ளே இருமினது ஆரு? உங்க இருமல் எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். யாருமில்லை. வெயிலிலும் கை சில்லிட்டது. அவனுக்கு.

ஐப்பசி 8, சனி. மூடாப்பு.

பார்வதி மனசு மாறிவிட்டாள்.

"பாவம், ஆரோ வழியில போன பிராணன். ராமேஸ்வரத்துல அவருக்கும் ஒரு திலஹோமம் பண்ணிடலாம். போறச்சே தரையில பாய் போட்டுக்கறேன். வரச்சே கட்டில்ல படுத்துப்பேன்."

கணேசன் உடனே ஷீபாவைக் கூப்பிட்டு, கட்டில் சேர்த்து ஃபுல் கவர் என்று சொல்லிவிட்டான். பார்வதி பல மாதம் கழித்து இரண்டாம் தரம் காப்பி கேட்டாள்.

பிறகு சாஸ்திரிகள், ஃபோனில். செத்துப்போனவரின் கோத்திரம், நட்சத்திரம் வேண்டுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்தவன் நான்தானே. வாய் தானாகச் சொல்லிற்று: பாரத்வாஜம், பூராடம்.

பார்வதி என்னையே பார்த்தாள். "நம்மாத்துக் கோத்திரம். நட்சத்திரமும் உன்னோடது. அதான் உன்கிட்ட வந்து கதவைத் திறக்கறார் போல."

உயிரோடு இருப்பவன் நட்சத்திரத்துக்கு எள் போட்டால் என்ன ஆகும் என்று சாஸ்திரிகளிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆர் அப்படிப் பண்ணுவா ஓய்?" என்று சிரித்தார்.

நிஜத்தைச் சொன்னால் இந்த வீட்டில் இனி என் ஒரு சொல் செல்லாது. கதவு, சூடு, இருமல் எல்லாம் உள்ளது உள்ளபடி. அந்தக் கட்டிலில் ஒருவர் செத்தது மட்டும் நான் சேர்த்தது.