குப்பத்து மலையும் வெட்டிய ஓரமும்

மே 12, செவ்வாய்

அனல். பத்து மணிக்கே உப்பளப் பக்கம் பார்க்க முடியாமல் கண் கூசுகிறது. ஆபீஸ் ஏசி மறுபடி மக்கர்.

செய்ய வேண்டியவை: பேட்டரிக்குத் தண்ணீர். வானூர் ஸ்விட்ச் ரீஸ்டார்ட்? வேண்டாம், ஓடுவதைத் தொடாதே. முடி வெட்ட வேண்டும்.

காலை வழக்கம் போல எட்டு ஊர் டவர்களில் எவ்வளவு நெட் ஓடுகிறது என்று காட்டும் கிராஃப் படங்களை ஸ்டாஃப் குரூப்பில் போட்டேன். போனில் சின்னதாகத் தெரிகிறது என்று முதலாளி புலம்பியதிலிருந்து, இடது ஓரத்து எண்களையும் அடியில் உள்ள எழுத்தையும் வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன். மலை மாதிரி எழும் கோடு மட்டும், பெரிதாக. மலை உயரமாக இருந்தால் நெட் நன்றாக ஓடுகிறது. அவருக்கு அது போதும். உடனே கட்டைவிரல்.

குப்பத்து மலை அருமை. உச்சி தட்டையாக, பலகை போட்டு இழுத்த மாதிரி. லைன் நிறைய ஓடுகிறது. ஆனால் புகாரெல்லாம் குப்பத்திலிருந்துதான். இன்று ஒன்பது. புகார் போன் எடுக்கும் ஸ்டெல்லாவுக்கும் அதே குப்பம்தான்.

"எங்க வீட்லயே சுத்திக்கினேதான் இருக்குது பாலு."

"உங்க வீட்டு ரவுட்டர் வலைக் குவியலுக்குள்ள கிடக்குது. மொதல்ல அத வெளிய எடு."

முறைத்தாள். முறைத்தால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

மதியம் ஏழுமலை அண்ணனிடமிருந்து போன். எங்கள் லைன்மேன். இருபது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வயர் இழுக்க வந்தவர்.

"ஏம்பா, விடிகாலைல போய் டெஸ்ட் பண்ணேன். ஒரு ஈ காக்கா இல்ல. டவுன்லோடு ஒண்ணு புள்ளி ரெண்டுதான் காட்டுது."

"அது பைட் கணக்குண்ணா. நாம விக்கறது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். எட்டால பெருக்குங்க."

"பெருக்குனா?"

"ஒன்பதரை. ஒரு வீட்டுக்குத் தாராளம்."

"வீட்ல இல்லப்பா, டவர் அடி—"

வைத்துவிட்டேன். இந்தப் பைட் பாடத்தை எத்தனை தடவை நடத்துவது?

மே 13, புதன்

மதியத்துக்கு மேல் கடல் காற்று. கண்ணாடியில் உப்புப் படலம், சட்டையால் துடைத்துத் துடைத்துச் சட்டை நாசம்.

லைனில் கெட்டுப்போய் வரும் தகவலை எண்ணும் பிழைக் கிராஃபையும் பார்த்தேன், சும்மா. குப்பத்தில் நொடிக்கு 340m. சின்ன m, மில்லி. ஆயிரத்தில் ஒரு பங்கு. தூசு. இதுவே பெரிய M, பத்து லட்சம் மடங்கு, என்றால் ஆபீஸைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியதுதான்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

"குப்பத்துக்கு ஃபுல்லா போவுதுல்ல?"

"போவுது சார்."

"அப்ப டவர் வரைக்கும் சரி. வீட்டு வயர்லதான் கோளாறு. அத பாக்க வேண்டியது யாரு? ஏழுமலை. அவன் போறதே இல்ல, எங்கியோ படுத்துத் தூங்கறான். சனிக்கிழமையோட அனுப்பிடலாம். ஒரு மாச கிராஃப் பிரிண்ட் எடுத்து வை. ஏன்னு கேட்டா காட்டணும்ல?"

"சரி சார்."

நான் சொன்னது அவ்வளவுதான்.

மே 14, வியாழன்

வேலை ஓடவில்லை. ஏழுமலை அண்ணன் மேல் எனக்குள்ள புகார்கள்:

போனில் கத்துவார்.

ஏணியை எடுத்த இடத்தில் வைக்க மாட்டார்.

வயர் முனையைச் செருகும் ஒவ்வொரு ஜாக்கிலும் கிரீஸ் அப்பி, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். உப்பளத்து மோட்டார் வயருக்கெல்லாம் அப்படித்தானாம். பார்க்க அசிங்கம். போன மாதம் குப்பத்து டவரில் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஆன்லைனில் வாங்கிய டேப்பைச் சுற்றினேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் நெத்திலி வறுவலோடு வந்தார். "கோவம் உம்மேலதான். மீன் என்னா பண்ணுச்சு, துன்னு."

டெங்கு வந்தபோது என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, விழாமலிருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். இது புகாரில் வராது. எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. இன்றும் போன். எடுக்கவில்லை.

மே 15, வெள்ளி

காலை பிரிண்ட். முதலாளி கேட்டபடி, ஒப்பிட்டுக் காட்ட மார்ச்சும் சேர்த்து. தாளுக்கு ஓரம் வெட்டவில்லை, முழுப் படம்.

மார்ச் மாதத் தாள். இந்த வாரத் தாள். பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் ஒரே உயர மலை. இடது ஓரத்தில் மார்ச்சுக்கு 100M. இந்த வாரத்துக்கு 10M.

உட்கார்ந்துவிட்டேன்.

கிராஃப் தன் உயரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். பத்து ஓடினாலும் மலைதான், நூறு ஓடினாலும் மலைதான். எது என்று சொல்வது அந்த ஓரம் மட்டும். அதைத்தான் தினமும் வெட்டி எறிந்திருக்கிறேன். பலகை போட்டு இழுத்த உச்சி என்றால் நெட் நிறைய ஓடுகிறது என்றல்ல, அதற்கு மேல் ஏற வழியில்லை என்று. அண்ணன் சொன்ன ஒன்று புள்ளி இரண்டை எட்டால் பெருக்கினால் 9.6. ஒரு வீட்டுக்கு அல்ல. குப்பம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

340 மில்லி, மூன்று நொடிக்கு ஒரு பிழை. மணிக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில். தூசாம்.

போன் செய்தேன். "அண்ணா, குப்பத்து டவர்கிட்ட வாங்க. வரும்போது டியூப் எடுத்துக்கினு வாங்க."

"எந்த டியூப்?"

"சைக்கிள் டியூப்ணா."

"அசிங்கமா இருக்குமேப்பா."

உச்சி வெயிலில் ஏறினேன். என் டேப் ஒரு பக்கம் வாயைப் பிளந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜாக்கில் பச்சை பூத்து, ஓரத்தில் உப்புப் பொருக்கு. விரலால் தொட்டதும் இரண்டு பின் உதிர்ந்தது. நூறில் பேச முடியாமல் டவர் பெட்டி தானாகவே பத்துக்கு இறங்கியிருக்கிறது. புது ஜாக் போட்டேன், கிரீஸ் அப்பினேன். கீழே நின்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார்.

"மேலேர்ந்து கீழ சுத்தாத! டேய், கீழேர்ந்து மேலடா, தண்ணி உள்ள எறங்காத மாதிரி! படிச்சவன் கைய பாரு."

நூறு வந்தது. இறங்கி, டேப்பைப் பற்றியும் ஓரம் வெட்டியதைப் பற்றியும் அந்த மில்லியைப் பற்றியும் சொன்னேன். "மில்லி... மில்லி..." என்று சொல்லிச் சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். சனிக்கிழமை பற்றி மட்டும் சொல்லவில்லை.

மே 16, சனி

மேகம். மழை இல்லை.

பதினொரு மணிக்கு முதலாளி. அண்ணனை நிற்க வைத்திருந்தார். "பிரிண்ட் எங்க?"

இரண்டு தாளையும் மேசையில் வைத்து ஓரத்தைக் காட்டினேன். "டவர்லதான் சார் கோளாறு. இந்த ஓரத்த வெட்டி உங்களுக்கு அனுப்புனது நான். அவரு கட்டியிருந்தத பிச்சிட்டு டேப் சுத்துனதும் நான். அவரு டெஸ்ட் பண்ணிச் சொன்னாரு, போன வச்சிட்டேன்."

முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப யார அனுப்பறது?"

அப்போதுதான் அண்ணனுக்கு எதற்காக நிற்கிறோம் என்று புரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆனது. என் பக்கம் திரும்பவில்லை.

"என்னைய அனுப்புங்க சார்" என்றேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இவன அனுப்பிட்டா டவர்ல யாரு சார் ஏறுவா? எனக்கு முட்டி வலி."

ஸ்டெல்லா போனைக் கையில் வைத்தபடி, "நேத்திலேர்ந்து குப்பத்துல ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல சார்" என்றாள். யாரும் கேட்காமலே.

"போங்கய்யா. போய் வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 17, ஞாயிறு

போன் செய்தேன், இரண்டு தடவை. எடுக்கவில்லை. சரிதான், நான் வியாழக்கிழமை எடுத்தேனா?

சைக்கிள் கடையில் பழைய டியூப் ஏழு. மற்ற ஏழு டவருக்கும்.

மே 18, திங்கள்

அனல். முடி இன்னும் வெட்டவில்லை.

காலைக் கிராஃப், ஓரத்தோடு, அடியெழுத்தோடு. முதலாளி: "சின்னதா தெரியுது." பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்பதரைக்கு என் மேசையில் ஒரு டப்பா. நெத்திலி. ஆள் இல்லை. பத்து மணிக்குக் குரூப்பில் எல்லோரும் கேட்க அண்ணனின் வாய்ஸ் மெசேஜ்: "ஏய் மில்லி, குப்பத்துல பிழை எவ்ளோடா?"

பூஜ்யம்ணா, என்று போட்டேன்.

"எட்டால பெருக்கிச் சொல்லு."