படையலில் வைத்த ஜப்பான் ரயில்

இனி இருமல் தொல்லை இல்லாத என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் வருசத் திதி நெருங்குகிறது. பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். படையலில் அந்த விளையாட்டுப் பெட்டியை வைக்காமல் இருந்தால் வருவாராம். வைத்தால், தம்பி வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டாராம். செய்தியைக் கொண்டுவந்தவர் பெரியம்மா. சொல்லி முடித்ததும், "நா ஒன்னும் சொல்லல பாப்பா. அந்த மனுசன் சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். டீத்தண்ணி இருக்கா?" என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்குத்தான் தெரியுமே. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட, வேறு யாராவது மணி அடிப்பார்களா என்று காத்திருக்கிறவள் நான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதுவது அவர் காதில் விழுந்தால் விழட்டும்.

ஊரில் இப்போது ஒரு கதை ஓடுகிறது. பட்டம் வாங்கி வேலைக்குப் போன மகள், நோயாளி அப்பாவின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டாள் என்று. நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

தேயிலை ஃபெக்டரித் தூசி நெஞ்சில் இறங்கி, வேலையை விட்டு நின்றுவிட்டீர்கள். பகல் முழுக்க லயத்து வீட்டின் முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் போட்ட நாற்காலியில்தான் இருப்பு. கீழே தேயிலைக்கு நடுவில் ரயில் பாதை. அப்புத்தளையில் நின்று கிளம்பி பதுளைக்குப் போகிற ரயிலை, பனி மூடியிருந்தாலும் சத்தத்திலேயே அடையாளம் சொல்வீர்கள். எஞ்சின் டிரைவர் ஆக வேண்டும் என்று இளவயதில் ஆசைப்பட்டீர்கள். குடியுரிமை கிடைத்து அடையாள அட்டை கைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வேலைக்கான வயது தாண்டிவிட்டது. இதை நீங்கள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொல்வீர்கள்.

ஒரு நாள் என் போனில் ஒரு வீடியோ பார்த்தீர்கள். எஞ்சினுக்குள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, எதிரே தண்டவாளம் ஓடிவருகிறது. ஓரத்தில் ஒரு கைப்பிடி மேலும் கீழும் அசைகிறது.

"எந்த ஊரு ரயிலு இது?"

"ஜப்பான்ப்பா. நெசம் இல்ல. கேம்."

"கேமா? அப்ப அந்தப் புடிய நம்ம இழுக்கலாமா?"

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட விதத்தை மறக்க முடியாது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், மகளிடம் ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டு, போனைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். என்னுடைய வெட்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையில் வைத்து விளையாடுகிற பெட்டி, என்னோடு படித்த ஷிரோமியிடம் இருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து அவளுடைய அண்ணன் கொண்டுவந்து, விளையாடி அலுத்துப் போட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலிருக்கும் கடையைத் திறந்து தேடினால், குதிரை இருக்கிறது, கார் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, அந்த ரயில் மட்டும் இல்லை. அதை ஜப்பான் கடையில் மட்டும்தான் விற்கிறார்களாம். ஷிரோமியின் அண்ணன் பெட்டியின் கணக்கை அமெரிக்காவில் வைத்திருந்தார். அதை ஜப்பானுக்கு மாற்ற வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடை இருக்கிற நாடுகளின் பெயர்களைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தீர்கள்.

"நம்ம நாடு எங்க?"

மேலிருந்து கீழே வரை இறக்கிப் பார்த்தேன். "இல்லப்பா."

"அப்ப இவ்வளவு நாளு அமெரிக்கான்னு பொய் சொல்லித்தான் ஓடிக்கிட்டு இருக்கா? பொய்தான்னா ஜப்பான்னே சொல்லிட்டுப் போவோம்."

அம்மா அடுப்படியிலிருந்து, "பொலிஸ் கிலிஸ் வரப்போவுது" என்றார். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "எங்கப்பாவ இந்தியாவா சிலோனான்னு கேட்டாங்க பாப்பா. அவரு வாயத் தொறக்க முன்னாடி அவங்களே எழுதிக்கிட்டாங்க. இது பரவால்ல. எது வேணும்னு நம்மளையே தொடச் சொல்லுது."

நீங்களே தொட்டீர்கள். விரல் காய்ந்திருந்ததால் முதல் தடவை அது எடுத்துக்கொள்ளவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டீர்கள்.

உடனே ஜப்பானுக்குப் போய்விட்டோமா என்ன? மாற்ற முடியாது என்று வந்தது. ஷிரோமியின் அண்ணன் விட்டுவைத்த சில்லறை மீதி அந்தக் கணக்கில் கிடந்தது. அது தீரும்வரை நாட்டை மாற்ற விடாது. நீங்கள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு, "கடன் இருந்தா தோட்டத்த விட்டுப் போவ விடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் மிச்சம் இருந்தாலும் விடமாட்டேங்கிறானே" என்றீர்கள். அந்த மிச்சத்துக்குச் சரியாக ஒரு தவளை விளையாட்டு கிடைத்தது. தவளை தாவும், அவ்வளவுதான். அதை வாங்கிப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது.

ஜப்பான் கடை நம் வங்கி அட்டையை ஏற்கவில்லை. இணையத்தில் ஓர் ஆளிடம் அந்தக் கடையில் செல்லும் பரிசு அட்டையின் இலக்கத்தை வாங்கி, அதை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். கடை முழுக்க ஜப்பான் எழுத்து. எது 'ஆம்', எது 'இல்லை' என்று தெரியாமல், போனின் கெமராவைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்து, ஒவ்வொரு பொத்தானாகத் தாண்டினேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருசம், எனக்குப் புரியாத மொழியில் ஒட்டியிருந்த அறிவித்தல் பலகையின் முன் தனியாக நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது தோளுக்குப் பின்னால் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றீர்கள்.

அப்புறம் ஓட்டினீர்கள். ஜப்பான் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல், நிறத்தையும் கோட்டையும் பார்த்தே ஓட்டினீர்கள். உள்ளே ஒரு பெண் குரல் அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்லும். அவள் எதைச் சொன்னாலும் நீங்கள் அதை நம் பாதையின் ஸ்டேஷனாக்கி, "தியத்தலாவ. தியத்தலாவ எறங்குறவங்க எறங்குங்க" என்பீர்கள். பீலியில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டு சித்ராக்கா, "டிரைவரய்யா, பதுளைக்கு ஒரு டிக்கெட்டு" என்று வம்புக்கு இழுப்பார். "டிக்கெட்ட கவுண்டர்ல கேளு. ஓட்டுறவன் கிட்ட பேசக்கூடாது" என்பீர்கள், தலை திருப்பாமல்.

எவ்வளவு ஓட்டியும் உங்களுக்கு அதில் முதல் தர மதிப்பெண் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வளைவு வரும்போதெல்லாம் ஹோர்ன் அடித்தீர்கள். தேவையில்லாமல் அடித்தால் அந்த விளையாட்டில் புள்ளி குறையும். நான் சொன்னேன்.

"அடிக்காதீங்கப்பா, மார்க் போவுது."

"வளைவுல அடிக்காம எப்பிடி? ஆளு வருவாங்க."

"ஜப்பான்ல தண்டவாளத்துல யாரும் நடக்க மாட்டாங்கப்பா."

"நீ போயி பாத்தியா?"

நம் பக்கத்தில் எல்லோரும் தண்டவாளத்தில்தான் நடக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, கோயிலுக்கு. நானும் அதில் நடந்துதான் படித்தேன். அந்த நினைப்பு உங்கள் கையை விட்டுப் போகவில்லை. புள்ளி போனால் போகட்டும் என்று அடித்தீர்கள். அதற்குப் பிறகு நானும் தடுக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, கருமாதிக்கு முதல் நாள் வீட்டில் பேச்சு வந்தது. படையலில் என்னென்ன வைப்பது? செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும், அதுதானே வழக்கம். அம்மா கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக் கிழங்கு, வெற்றிலை என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெரியப்பா ஒரு சாராயப் போத்தலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"அவரு குடிக்க மாட்டாரே" என்றார் அம்மா.

"ஆம்பளைக்கு வைக்கிறது. வச்சாத்தான் மரியாத."

நான் உள்ளே போய் பெட்டியை எடுத்துவந்து போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். பெரியப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளயாட்டுச் சாமான யாருக்கு வைப்பாங்க தெரியுமா? பச்சப்புள்ள செத்தா வைப்பாங்க. எந்தம்பி என்ன பச்சப்புள்ளையா? நாளைக்கு ஊரே சிரிக்கும்."

அவர் சொன்னது உண்மை. நம் தோட்டத்தில் குழந்தைக்குத்தான் பொம்மை வைப்பார்கள். பெரிய மனிதருக்கு அதை வைப்பது அவரைச் சின்னவராக்குவது. ஆனால் போத்தலும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தபோது, இரண்டில் எது உங்களுக்குத் தெரியாத பொருள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"பெரியப்பா," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அப்பா குடிக்கல. நாளைக்கு அவரு வந்து பாத்தா, இது யாரு வீட்டுப் படையல்னு திரும்பிப் போயிருவாரு."

சித்ராக்கா கதவோரத்தில் இருந்து, "அவ சொல்றது சரிதான். அந்த மனுசன் போத்தல முகர்ந்து பாத்துட்டு மண்ணெண்ணெயான்னு கேப்பாரு" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"படிச்ச திமிரு" என்றார் என்னைப் பார்த்து. "நாலு எழுத்து படிச்சா மொறையெல்லாம் மாறிருமா?"

அம்மா எழுந்தார். நான் என்னைத்தான் அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். போத்தலை எடுத்து, முந்தானையால் துடைத்து, பெரியப்பாவின் கையில் கொடுத்தார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. இத வெளிய வச்சு நீங்க எல்லாரும் குடிங்க. உள்ள அவரு ஆசப்பட்டது இருக்கட்டும்."

மறுநாள் படையலில் உங்கள் படத்துக்கு முன்னால் பெட்டி இருந்தது. ரயிலைக் கிளப்பி, ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்தேன். தீபம் காட்டும்போது பெட்டிக்குள்ளிருந்து அந்த ஜப்பான் பெண் ஏதோ சொன்னாள். பூசாரி திகைத்து நின்றார். "என்னாம்மா சொல்லுது?" என்று கேட்டார். "ஸ்டேசன் பேருங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தீபத்தை அதற்கும் ஒரு சுற்று சுற்றினார்.

பெரியப்பா கை நனைக்காமல் போனார். அன்றிலிருந்து வரவில்லை. எனக்கு வந்த ஒரு வரனையும், "அந்தப் புள்ள கொஞ்சம் ஒரு மாதிரி" என்று அவரே திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரனைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவர் வராதது அம்மாவுக்கு வலிக்கிறது. எனக்கும்தான். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள் நான். இதை அவர் மறந்திருப்பாரா?

ஷிரோமி போன வாரம், "அப்பா இல்லையே, இனி அமெரிக்காவுக்கே மாத்திடு, இங்கிலீஷ்ல நிறைய நல்ல கேம் இருக்கு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். மாற்ற மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன். நம்மைக் கேட்டு, நாமே தொட்ட நாடு அது ஒன்றுதான். அதை எதற்காக இன்னொருவருடைய வசதிக்கு மாற்ற வேண்டும்?

பெரியப்பாவுக்கான பதிலையும் இதோடு சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி பச்சைப்பிள்ளை இல்லை, பெரியப்பா. தன் ஆசையை ஐம்பது வயதுக்கு மேல் கேட்டு வாங்கிக்கொண்ட மனிதர். அவரைச் சின்னவராக்கியது பெட்டி இல்லை. அவருக்குப் பிடிக்காததை அவர் பெயரில் வைப்பதுதான் அவரைச் சின்னவராக்கும். நீங்கள் வந்தால் முதல் பந்தியில் உங்கள் இலை இருக்கும். வராவிட்டாலும் அந்த இலையைப் போட்டுத்தான் வைப்போம். பெட்டியை எடுக்க மாட்டோம்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த முறை ரயிலை நிறுத்தி வைக்கப் போவதில்லை. கூடியிருக்கிறவர்கள் முன்னால், உங்கள் படத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, நானே ஓட்டப் போகிறேன். நான்கு பேர் பார்த்தால் சோற்றைக்கூடச் சரியாகப் பிசையத் தெரியாத எனக்கு, அன்றைக்கு முகம் சிவக்கும், கை வியர்க்கும், ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நிறுத்துவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடைசி ஸ்டேஷன் வரை எழுந்திருக்க மாட்டேன்.

வெட்கம் போகாத, ஆனால் இடத்தை விட்டு நகராத,
உங்கள் பாப்பா