மேடையில் கூப்பிட்ட பெயர்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்கு மருந்து வாங்கினீர்களா, இல்லை வழக்கம்போல நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாங்கள் இருப்பது ஒரே அறை. நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு இரண்டு அறை என்று சொல்லிக்கொள்கிறோம். நான் தும்மினால்கூட அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மடித்த விரிப்புகளின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

முதலில் நல்ல செய்தி. சின்னவள் பள்ளி இறுதித் தேர்வில் இந்த ஊர்ப் பள்ளிகள் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்துவிட்டாள். மருத்துவக் கல்லூரியில் அகதிப் பிள்ளைகளுக்கு என்று ஒரே ஒரு இடம் உண்டு. அது அவளுக்குத்தான். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நன்றாகச் சந்தோஷப்பட்டுவிட்டு வாருங்கள். மீதியைப் படித்த பிறகு முடியாது.

போன வாரம் பள்ளியில் பாராட்டு விழா. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. நான் மேடையைப் பார்க்கவில்லை. எழுந்து, திரும்பி, வாசலைப் பார்த்தேன். ஏனென்றால் அவர்கள் கூப்பிட்டது பெரியவளின் பெயரை. அவள் எங்கிருந்தோ ஓடி வருவாள் என்று என் புத்தி கெட்ட மனசு ஒரு கணம் நினைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பதினோரு வருஷமாக உங்களிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள், நாங்கள் பின்னால் புறப்பட்டோம். வழியில் பெரியவள் காய்ச்சலில் போனதை உங்களிடம் சொன்னேன். அதற்கு ஆறாம் நாள் நடந்ததைச் சொல்லவில்லை. எல்லையில் ஒரு கூடாரத்தில் எங்களைப் பதிவு செய்தார்கள். அந்த ஆறு நாளும் என் வாயில் பெரியவளின் பெயரைத் தவிர வேறு பேச்சில்லை. மேசையில் இருந்தவர், "பிள்ளை பேர் என்னம்மா, வயசு என்ன?" என்று கேட்டார். பெரியவள் பெயரைச் சொன்னேன். எட்டு வயது என்றேன். என் இடுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஐந்து. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது இன்னதென்று இரண்டு வாரம் கழித்து, அட்டை கையில் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சின்னவளின் முகம், பெரியவளின் பெயர். வரிசையில் நின்ற பெண்கள் பயமுறுத்தினார்கள். "மாத்தப் போனா, இது உன் பிள்ளைதானான்னு கேப்பாங்க. பிடுங்கிட்டுப் போயிடுவாங்க, சும்மா இரு" என்றார்கள். சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் சான்றிதழை நகலெடுத்தோ படமெடுத்தோ அனுப்பச் சொன்னபோதெல்லாம் கடை மூடியிருக்கிறது, போன் கெட்டுப்போய்விட்டது என்று நான் சொன்னது இதனால்தான். எந்த ஊரிலாவது ஒரு நகல் கடை பதினோரு வருஷம் மூடியிருக்குமா? நீங்களும் நம்பினீர்களே!

என் ஒரு வார்த்தைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எட்டு வயது என்று அட்டை சொன்னதால் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பாஷை தெரியாது. கால் தரையில் எட்டாது. வகுப்பு டீச்சர் எதுவும் கேட்காமல் இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாராம். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் எல்லாப் பாடத்திலும் பூஜ்யம். அவளைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்லை. மறு வருஷமும் அதே வகுப்பு, அதே செங்கல்.

எங்கள் மேற்பார்வைக்காரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, எந்நேரமும் ஊதிக்கொண்டே இருப்பதால் நாங்கள் விசில் என்று பெயர் வைத்தவள். அவள்தான் பள்ளி விட்டதும் பிள்ளையை இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "குளிர்ல அங்க என்ன பண்ணப் போறா, இங்க கிடக்கட்டும்" என்றாள். விரிப்புகளின் ஓரத்தில் வார்டு பெயர் தைத்திருக்கும். பிரசவம், தீக்காயம், எலும்பு, பிணவறை. இவள் அந்த நாடாக்களைப் படித்துத்தான் இந்த ஊர் எழுத்தைக் கற்றாள். எழுத்துக் கூட்டி வாசித்துக் கூடையில் பிரித்துப் போடுவாள். தப்பாகப் போட்டால் ஒரு விசில், சரியாகப் போட்டால் இரண்டு. ஒரு வருஷத்துக்குப் பிறகு விசில் சத்தம் இரண்டுக்குக் குறைந்ததே இல்லை. ஆறாம் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யாரும் முந்தவில்லை.

ஏழு வயதில் ஒருநாள் என்னிடம், "அம்மா, அக்கா திரும்பி வந்தா நான் யாருன்னு சொல்றது?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளை அடித்துவிட்டேன். பாவி நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும், "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பீர்கள். வந்துவிட்டது. எங்களை அங்கே அழைத்துக்கொள்ள நீங்கள் போட்ட மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இங்குள்ள அலுவலகத்தில் காகிதம் சரிபார்த்த பிறகுதான் உங்களுக்குச் சொல்வார்களாம். என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உங்கள் மனுவையும் எங்கள் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உங்கள் மனுவில் பெரியவள் இறந்துவிட்டாள், சின்னவள் வர வேண்டும். எங்கள் அட்டையில் பெரியவள் இருக்கிறாள், சின்னவள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "எது நிஜம்னு நான் கேக்கலம்மா. எதை வெச்சுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

அட்டையைத் திருத்தினால் நாங்கள் உங்களிடம் வந்துவிடலாம். ஆனால் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இறந்துபோன ஒரு பிள்ளையுடையது ஆகிவிடும். கல்லூரியில் சேரப் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும், இவளுக்கு நிஜத்தில் பதினாறு. இடம் போய்விடும். ஒரு வகுப்பும் படிக்காதவளாக, அங்கே மூன்றாவது ஒரு பாஷையில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். திருத்தாவிட்டால் அவள் டாக்டர் ஆவாள். உங்கள் மனு செத்துப்போகும். நான் மட்டும் வரலாமாம். நல்ல கதைதான்.

அவளிடம் கேட்டால் யோசிக்காமல், "படிப்பு கிடக்கட்டும், அப்பாகிட்ட போகலாம்" என்பாள். உங்கள் குரலைத் தவிர அவளுக்கு உங்களை ஞாபகமே இல்லை. அந்த ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தேன் என்று கோபப்படுங்கள், கத்துங்கள், எனக்கு அது வேண்டும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே அவள் படிப்புக்காக இல்லை. திருத்துவதென்றால் பெரியவள் இறந்ததாக ஒரு படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இறந்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த இடத்தின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு சாலை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. உலகத்தில் எங்கேயோ அவள் வருஷா வருஷம் தேர்வு எழுதித் தேறிக்கொண்டிருந்தாள். நானே போய் அதை நிறுத்துவதா?

அதனால் நீங்கள் ஒன்று செய்யுங்கள். மனைவியும் மகளும் வரவில்லை, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். காரணம் கேட்டால், மனைவிக்கு வர இஷ்டமில்லை என்று சொல்லிவிடுங்கள். பழி என் மேல் இருக்கட்டும். உங்கள் காகிதத்தில் சின்னவள் இருப்பாள். எங்கள் காகிதத்தில் பெரியவள் இருப்பாள். நாம்தான் ஒரே இடத்தில் இருக்க மாட்டோம். இனி எப்போது என்றும் எனக்குத் தெரியவில்லை. இந்த வரியை எழுதும்போது விரிப்பு நனைந்துவிட்டது, மறுபடி துவைக்க வேண்டும்.

ஞாயிறன்று அவள், "அப்பா, ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பாள். இன்னும் வரவில்லை கண்ணு என்று சொல்லுங்கள். குரல் தடுமாறக் கூடாது. கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் நன்றாக இருக்க வேண்டும். அவள் கை தொட்ட நோயாளி எல்லாம் பிழைக்க வேண்டும். முக்கியமாக, காய்ச்சலில் வரும் பிள்ளைகள். விசில் ஊதிவிட்டாள், எழ வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்று. கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் இனி ஆயுசு முழுக்க அவளை அக்காவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். போனில் பேசும்போது, இரண்டு தடவை கூடுதலாகவே அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பெண்களின் அம்மா