அந்த சீட்டின் லீவரை யாரும் தொடக்கூடாது

பாப்பா,

பல் டாக்டரிடம் பஸ்ஸில் போகிறேன். உன் காரில்தான் எனக்கு உட்கார இடம் இல்லையே. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், தின்றுவிட்டுப் போ.

கழற்றிய முன் சீட்டை வாங்க இன்றைக்கு ஒருத்தன் வருவான் என்றாய். கொடுக்காதே. அது இருக்கும் பின்னறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். உன்மேல் சந்தேகம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மாதம் ஒருநாள் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு எடை குறையணும் என்று பின் சீட்டைக் கழற்றினாய். உன் வண்டி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். உன் பக்கத்து சீட்டையும் கழற்றியபோதுதான் கத்தினேன். "வெறும் பதினெட்டு கிலோப்பா, அதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறீங்க" என்றாய். ஏன் குதித்தேன் என்று இப்போது எழுதுகிறேன்.

உன் அம்மாவின் கடைசி மாதத்தில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அந்த சீட்டை அவளுக்கு ஏற்றபடி சாய்த்தது நீதான். ஒரு குழியில்கூட இறக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனதும் நீதான். அந்தச் சாய்வு இன்னும் அப்படியே இருக்கிறது. வாங்க வருகிறவன் முதல் வேலையாக லீவரை இழுத்துப் பார்ப்பான். அப்புறம் அவள் சாய்ந்திருந்த அளவு எவனுக்குத் தெரியும்?

வண்டியை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்.

அப்பா

பின் சக்கரத்தில் ஒரு நட்டு லூசாக இருந்தது. இறுக்கிவிட்டேன். உன் மெக்கானிக்கை நம்பாதே.

இன்னொன்று. தினமும் பின்னறைக்குப் போகிறேன்தான். ஆனால் அந்த சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.